திரும்பத் திரும்ப வந்த புரோகிராம்

"மொத்தமா எடுத்தாச்சு சார்" என்று நீங்கள் போனில் சொல்லும்போது உங்கள் குரலில் ஒரு நிம்மதி இருக்கும். அந்த நிம்மதி எனக்கும் பழக்கமானதுதான். கேட்காமல் வந்து உட்கார்ந்துகொண்ட குப்பையை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து வேரோடு பிடுங்குவது நம் தொழிலில் கிடைக்கும் சில சந்தோஷங்களில் ஒன்று. எப்படிப் பிடுங்குவது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவனைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும். எதைப் பிடுங்குகிறோம் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். கேட்க நன்றாக இருக்காது.

நான் அரக்கோணத்துக்காரன். யு.பி.எஸ்., பேட்டரி வேலைக்காகத் திருப்பதிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டேன். ஓட்டல்கள், கல்லூரிகள், மருத்துவமனைகளில் வருட ஒப்பந்தத்துக்குக் கம்ப்யூட்டர் பராமரிக்கும் நம் கம்பெனியில் சேர்ந்தபோது எனக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. அங்கே எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் ஒரு பெண். சித்தூர்க்காரர். என்னைவிட வயதில் சிறியவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இதை உங்களிடம் சொல்லலாமா என்று கேட்டபோது சொல்லுங்கள், என் பெயரையும் போடுங்கள் என்றார். நான்தான் போடவில்லை.

மேடத்தின் வேலை சுத்தமானது. ஒரு புரோகிராமை நீக்கினால் அது போட்ட ஃபைல்கள், ரெஜிஸ்ட்ரிப் பதிவேட்டில் விட்டுவைத்த வரிகள், மிஷின் ஸ்டார்ட் ஆகும்போது தானாக எழுந்திருக்க அது செய்துவைத்த ஏற்பாடு, எல்லாவற்றையும் தேடிப் போவார். கடைசியில் மிஷினை அணைத்துப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்து உட்காருவார். "வேர் இருந்தா மொளைக்கும்ணா" என்பார். மற்றவர்கள் செய்த வேலைக்கு வாடிக்கையாளர்கள் இரண்டாம் முறை கூப்பிடுவார்கள். மேடம் போய் வந்த இடத்திலிருந்து போன் வராது.

குழந்தையில்லாதவர்களுக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனை எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. மாடியில் லேப். லேபுக்கு ஒட்டினாற்போல் ஒரு சின்ன அறை, அதில் ரிப்போர்ட் டைப் அடிக்கும் பெண் உட்காருவார். அவருடைய கம்ப்யூட்டரின் திரை காத்திருப்பவர்களின் பக்கம் பார்த்தபடி இருந்தது. ஒரு நாள் காலையில் அந்தத் திரையில் ஆபாசப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்துகொண்டன. மூடினால் இன்னும் திறந்தன. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு மாமியார் மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டாராம்.

டாக்டரே எங்களுக்குப் போன் செய்தார். மேடம் போனார். அதே கட்டடத்தில் பேட்டரி மாற்ற வேண்டியிருந்ததால் நானும் போனேன். டாக்டர் மேடத்தின் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். மதியத்துக்குள் முடிய வேண்டும், எந்தக் கழிசடையும் இதில் மிச்சம் இருக்கக்கூடாது என்று தெலுங்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

யாரோ பென் டிரைவில் கொண்டுவந்த சினிமாவோடு ஏகப்பட்ட வைரஸ் ஏறியிருந்தது. மேடம் ஒவ்வொன்றாக எடுத்தார். எல்லாம் போன பிறகு ஒன்று மட்டும் நின்றது. யார் செய்தது என்று அதில் பெயர் இல்லை. அதற்குத் திரையில் ஜன்னலோ படமோ கிடையாது. மிஷின் எழுந்ததும் சத்தமில்லாமல் எழுந்துகொள்ளும். பீரோவுக்குப் பின்னால் கிடந்த ஒரு பழைய மோடம் வழியாக வெளியே செய்தி அனுப்பத் தயாராக இருந்தது. ஒளிந்திருக்கிறது, வெளியே பேசுகிறது. நம் தொழிலில் இந்த இரண்டும் சேர்ந்தால் அது வேவு பார்க்க வந்தது என்றுதான் அர்த்தம். மேடம் அதை அழித்தார். கொஞ்ச நேரத்தில் அது திரும்ப வந்தது. மறுபடி அழித்தார், மறுபடி வந்தது.

டைப் அடிக்கும் பெண்ணிடம் இது என்ன என்று கேட்டார். அந்தப் பெண் டாக்டரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எனக்குத் தெரியாது மேடம், நான் எதையும் போடவில்லை, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் லேப். அதற்குள் போக வேண்டுமென்றால் செருப்பைக் கழற்றி, கவுன் மாட்டி, அனுமதி கேட்டுப் போக வேண்டும். டாக்டர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மேடம் எழுந்து போய் லேபில் கேட்கவில்லை.

அந்தப் புரோகிராமின் இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் வேறு பெயரில் உட்கார்ந்துகொண்டு முதலாவதை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிப்பது லேசில்லை. மேடம் கண்டுபிடித்தார். இரண்டையும் சேர்த்து எடுத்தார். நான் பேட்டரி வேலையை முடித்துக்கொண்டு மேலே வந்தபோது அவர் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்துதுண்ணா" என்றார்.

டாக்டர் எங்களுக்குக் காபி சொன்னார்.

சில வாரங்கள் போயின. ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கிருந்து மறுபடி போன் வந்தது. சிஸ்டம் பிராப்ளம், உடனே வாருங்கள் என்றார்கள். இருவரும் போனோம். இந்த முறை லேபுக்குள்ளேயே விட்டார்கள்.

பால்காரர் கேனைப் போலப் பெரிதாக ஒரு டேங்க் இருந்தது. அதன் உடம்பெல்லாம் வியர்த்திருந்தது. கீழே தரையில், டேங்கில் முதுகைச் சாய்த்து லேப் இன்சார்ஜ் உட்கார்ந்திருந்தார். நெல்லூர்ப் பக்கத்துப் பெண். தம்பி கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்றுதான் வேலைக்கு வந்திருந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு "மெசேஜ் ராலேது, மெசேஜ் ராலேது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெசேஜ் வரவில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் தெரிந்தது. தாயின் வயிற்றில் வைப்பதற்கு முன்னால் கருக்களை உறையவைத்துப் பாதுகாக்கும் டேங்க் அது. உள்ளே திரவ நைட்ரஜன் இருக்கும். அது குறைந்தால் கரு பிழைக்காது. டேங்கின் சுவரில் எங்கோ பழுதாகி, ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருந்த நைட்ரஜனெல்லாம் ஆவியாகிப் போய்விட்டது. அப்படி ஆகும்போது எச்சரிப்பதற்கென்று, முன்பு அங்கே வேலை பார்த்த ஒரு டெக்னீஷியன் தானே ஒரு புரோகிராம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். டேங்கில் குளிர் குறைந்தால் அது இன்சார்ஜின் போனுக்குச் செய்தி அனுப்பும். அதற்கான ஒயர் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. ஆபத்து வந்தால் மட்டும் பேசுகிற புரோகிராம் என்பதால், அது இல்லாமல் போனது யாருக்கும் தெரியவில்லை.

புரோகிராமின் பெயர் என்ன என்று மேடம் கேட்டார். இன்சார்ஜ் சொன்னார். மேடம் சுவரில் கை ஊன்றிக்கொண்டார். எனக்கு அப்போதும் புரியவில்லை. அந்தப் பெயர் அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்ததால் அந்த மிஷினில் அதற்கு ஒரு தடமும் இல்லை. எந்த ஊரிலிருந்து நிபுணரைக் கூட்டிவந்து தேடினாலும் ஒன்றும் கிடைத்திருக்காது.

டாக்டர் உள்ளே வந்தார். அன்று அவர் கத்தவில்லை. அன்றைக்கு வைரஸ் வந்ததே, அது எல்லோருக்கும் தெரியும், அந்த வைரஸ்தான் இதையும் கெடுத்திருக்கிறது, அப்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். அதில் உங்கள் கம்பெனிக்கும் கெட்ட பெயர் இல்லை, எங்களுக்கும் இல்லை என்றார். கருணையோடு பேசுகிற குரலில் சொன்னார். தரையிலிருந்து இன்சார்ஜ் மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை அது. அவருக்கும் ஒரு பயம் இருந்தது. டேங்குக்குள் குச்சியை விட்டு நைட்ரஜன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அங்கே வழக்கம். மெசேஜ் வருகிற ஏற்பாடு செய்த பிறகு குச்சி விடுவதை விட்டுவிட்டார்கள்.

மேடம் டாக்டர் பக்கம் திரும்பினார். பிறகு தமிழிலேயே சொன்னார்.

"வைரஸ் இல்ல டாக்டர். நான்தான் எடுத்தன்."

டாக்டர் அவரையே பார்த்தார். மெல்ல அவர் முகம் இளகியது. மன்னித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அது மன்னிப்பில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பழியை வைக்க அவருக்கு ஓர் ஆள் கிடைத்திருந்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் கேட்டேன். குச்சி விட்டுப் பார்க்காதது அவர்கள் தப்புதானே மேடம், அதை ஏன் சொல்லவில்லை என்று. "அத அவங்க சொல்லணும்ணா. நான் சொன்னா என்னுது கொறையற மாதிரி ஆயிடும்" என்றார். அவர்கள் கடைசிவரை சொல்லவில்லை. கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் அழித்துவிட்டார் என்று மட்டும் சம்பந்தப்பட்டவர்களிடம் டாக்டர் சொன்னார். உண்மை பேசினால் உண்மை வெளியே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நாம் பேசிய பகுதி மட்டும்தான் வெளியே வரும். அதற்காகப் பேசாமல் இருக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை.

அந்தப் புரோகிராமை எழுதியவரின் நம்பரைக் கேட்டு வாங்கி மேடம் போன் செய்தார். அவர் ஹைதராபாத்தில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். முதலில் அதற்கு ஜன்னல் இருந்ததாம். வேலை செய்யும்போது குறுக்கே வருகிறது என்று ஆட்கள் மூடி மூடி வைத்தார்களாம். அதனால்தான் ஜன்னலை எடுத்து ஒளித்துவைத்தேன், யாராவது நிறுத்தினாலும் திரும்ப வரும்படி இன்னொரு பிரதியும் வைத்தேன் என்றார். அதையும் எடுத்துவிட்டேன் என்று மேடம் சொன்னார். "ரெண்டாவதக்கூடவா?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார். நீங்கள் எதையாவது எழுதி ஒரு மிஷினில் விட்டுவிட்டுப் போனால், அது சின்னதாக இருந்தாலும், அதில் உங்கள் பெயரையும் அது எதற்கு என்பதையும் எழுதி வையுங்கள். அந்த மனிதர் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

பிறகு ஒரு மத்தியானம் பாலசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் எங்கள் கம்பெனியின் கடைக்கு வந்தார்கள். தமிழ்க் குடும்பம். கணவர் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்தார். அந்த அம்மா ஊரில் இவர்களுடைய கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மற்றவர்கள் வயலுக்கும் வேலைக்குப் போவார். வயிற்றில் கட்டி என்று வேலூரில் அவருக்கு ஆபரேஷன் நடந்து, இரண்டு பக்கத்துச் சினைப்பையையும் எடுத்துவிட்டிருந்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் கருவாக்கி எடுத்து வைத்தது மூன்று. உடம்பு தேறட்டும், பிறகு வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உடம்பு தேறிவிட்டது. அந்த டேங்கில்தான் மூன்றும் இருந்தன.

"யாரு சார் கம்ப்யூட்டர்லருந்து அத எடுத்தது?" என்று கணவர் என்னைப் பார்த்துக் கேட்டார். கையை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

மேடம் எழுந்து, நான்தான் என்றார். கணவர் ஓர் ஆணை எதிர்பார்த்து வந்திருக்க வேண்டும். என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அந்த அம்மாதான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார். மேடம் சொன்னார். நம் தொழில் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், யாரையும் குறை சொல்லாமல் சொன்னார். டைப் அடிக்கும் பெண் 'எல்லாவற்றையும் எடுங்கள்' என்று சொன்னதையும் சொல்லவில்லை. நடுவில் மேடத்தின் போன் மணியடித்து, திரையில் அவருடைய மகளின் படம் வந்தது. சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தார். அந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"அது வேணாம்னு உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கேட்டார் அந்த அம்மா.

"யாரும் சொல்லலம்மா. நானே நெனச்சிக்கினேன். ஒளிஞ்சிக்கினு இருந்துச்சு. எடுத்தா எடுத்தா திரும்பி வந்துச்சு. அதனால கெட்டதுன்னு நெனச்சன்."

அந்த அம்மா அதை யோசித்துப் பார்த்தார். கோபமே இல்லை. ஏதோ கணக்கு புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"காவலுக்கு நிக்கறத தொரத்தனா, அது திரும்பி வரத்தான செய்யும்" என்றார்.

எங்கே கூப்பிட்டாலும், எந்தக் கோர்ட்டாக இருந்தாலும், வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்று மட்டும் மேடம் அந்த அம்மாவிடம் சொன்னார். அவர்கள் கிளம்பிப் போகும்போது நான் படிவரைக்கும் போய், குச்சி விட்டுப் பார்க்காத விஷயத்தை அந்தக் கணவரிடம் சொன்னேன். மேடம் சொல்லாததை நான் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. சொல்லவேண்டியவர்கள் சொல்லவில்லை, தெரிந்துகொள்ள வேண்டியவர் முன்னால் நிற்கிறார், அவ்வளவுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அவர் படியில் நின்று கேட்டுக்கொண்டார்.

"இன்னும் எத்தினி பேரோட தப்பு சார் இருக்குது இதுல?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் மனைவியின் பின்னால் இறங்கிப் போனார்.

அவர்கள் கேஸ் போடவில்லை. கரு எடுத்து வைத்திருப்பதை ஊரில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லையாம். கேஸ் என்று போனால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மருத்துவமனை நல்ல அலாரம் ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டது, ஒப்பந்தத்தை வேறு கம்பெனிக்குக் கொடுத்தது. இன்சார்ஜ் வேலையை விட்டுப் போய்விட்டார்.

மேடம் வேலையை விடவில்லை. ஆனால் வேலை செய்யும் விதம் மாறிவிட்டது. தெரியாத ஒரு புரோகிராமைப் பார்த்தால் உடனே அழிக்கமாட்டார். ஓட விடாமல் நிறுத்தி மட்டும் வைப்பார். பிறகு எழுந்து அறை அறையாகப் போய், வாட்ச்மேன் உட்பட எல்லாரிடமும் இது யாருடையது என்று கேட்பார். அந்த மிஷினிலிருந்து போகிற ஒவ்வொரு ஒயரையும் அது முடிகிற இடம்வரை போய்ப் பார்ப்பார். யாரும் கேட்டு வராத பிறகுதான், பல நாள் கழித்து, அழிப்பார். வாடிக்கையாளர்களுக்குப் பொறுமை இல்லை. லேட் ஆகிறது என்று புகார் வந்தது. முதலாளி அவரைக் கண்டித்தார். ஒரு கட்டத்தில் அவர் சித்தூருக்கே திரும்பிப் போய், ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். இன்று நம் கம்பெனியில் "நிறுத்து, கேள், காத்திரு, பிறகு எடு" என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அது யாரிடமிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அவர் இருந்தபோது அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

மேடம் போன பிறகு, நெடுநாள் கழித்து, அந்தக் கணவர் தனியாகக் கடைக்கு வந்தார். மெலிந்திருந்தார். ஸ்ரீசிட்டி பஸ்ஸுக்குப் போகிற வழியில் வந்ததாகச் சொன்னார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கருவை உறையவைத்த அன்றைக்கு அதைப் பெரிதாக்கி ரிப்போர்ட் டைப் அடிக்கும் அந்தக் கம்ப்யூட்டரில் அவர்களுக்குக் காட்டினார்களாம். அந்தப் படம் வேண்டும் என்று மனைவி கேட்கிறாள் என்றார். மருத்துவமனையில் கேட்டால், பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டோம், எங்களிடம் இல்லை, அந்தக் கம்பெனியில் கேட்டுப் பார் என்று அனுப்பிவிட்டார்களாம்.

மேடம் எந்த மிஷினில் கை வைப்பதற்கு முன்னாலும் வாடிக்கையாளரின் ஃபைல்களை ஒரு டிஸ்கில் பிரதி எடுத்துக்கொள்வார். அந்த மருத்துவமனையின் டிஸ்க், விசாரணை வந்தால் வேண்டும் என்று அவர் ஒட்டி வைத்தபடியே அலமாரியில் இருந்தது. எடுத்துப் போட்டுத் தேடினேன். அவர்கள் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருந்தது. படத்தைத் திறந்தேன். சாம்பல் நிறத்தில் மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்னக் குமிழ்கள்.

அவர் மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு பார்த்தார். அவர் பார்த்து முடிக்கிறவரை நான் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெட்டிக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு ஒரு கவரில் வைத்துக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். கிளம்பவில்லை.

"உங்க கம்ப்யூட்டர்ல இருக்குதே சார், அத எடுத்துடுங்க" என்றார். "மொத்தமா."

நான் மவுஸைத் தொடவில்லை. எடுத்துவிட்டால் திரும்ப வராது, அந்தக் காகிதம் நனைந்தாலோ கிழிந்தாலோ என்னால் இன்னொன்று தர முடியாது என்று சொன்னேன். வீட்டில் கேட்டுவிட்டு வேண்டுமானால் இன்னொரு நாள் வாருங்கள் என்றேன்.

"அவளக் கேட்டுக்கினுதான் சார் வந்தேன். வேற யாரு கண்ணுலயும் பட வேணாம்னா" என்றார்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிஸ்கிலிருந்து அழித்தேன். என் மிஷினில் அது தொட்டுவிட்டுப் போன இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி அழித்தேன். இன்னும் எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டு, கவர் இருந்த இடத்தில் சட்டையின்மேல் கையை வைத்தபடி பஸ்ஸுக்குப் போனார்.